அறுபதில் ஒரு பங்கு

முதல் சுற்றில் நொடியை இரண்டாயிரமாய்க் கூறுபோட்டு
அதில் ஒரு கூறு வைத்தேன்.
முப்பத்தேழாம் எண் வண்டி கச்சிதமாக வந்தது;
ஆரக்கம்பிகளை எண்ணலாம்.
டயர்க்கடை வயிரவன் திரையை எட்டிப் பார்த்தார்:
"ஸ்டாண்டு போட்டு நிப்பாட்டி எடுத்தியாம்மா?
இதுக்கா அவன் அவ்வளவு பெட்ரோல் எரிச்சான்?"

செட்டிநாட்டில்
யுத்த காலத்து விமானங்கள் விட்டுப்போன ஓடுதளம்.
கயிறு கட்டி, மணல்மூட்டை அடுக்கி,
லாரித் தண்ணீர் இரண்டு நடை தெளித்தும்
செம்மண் அடங்கவில்லை.

என்னிடம் இருப்பது எழுபது-முந்நூறு ஒன்றுதான்.
காரைக்குடி மண்டபங்களில் தோளேறித் தோளேறித் தளர்ந்து
கீழே சாய்த்தால் தானாக நீளும் குழல்.
கறிவேப்பிலைக் கட்டோடு வந்த ரப்பர் வளையம்
அதை எழுபதிலேயே பிடித்து வைத்திருக்கிறது.
குவியத்தை அதன் போக்கில் விட்டால்
வண்டிக்கும் வேலிக்கருவைக்கும் நடுவே உர்ரென்று தேடும்;
தேடி முடிப்பதற்குள்
இதயத்துல்லா கானாடுகாத்தான் தாண்டியிருப்பான்.
எனவே தார் வெடிப்பில் முளைத்த ஓர் எருக்கஞ்செடி:
அதற்குக் குவித்து, கையால் பூட்டினேன்.

பிறகு நூற்றிருபத்தைந்து. பிறகு அறுபது.
உச்சிவெயில் உள்ளே கொட்டுகிறது.
துளையைச் சுருக்கிச் சுருக்கி இருபத்திரண்டு;
அதற்குமேல் இந்தக் கண் இடுங்காது.
உள்ளே ஒட்டிய தூசியெல்லாம்
வானத்தில் மிளகாய் விதையாய்த் தெரியும்.
தெரியட்டும்.

பாதம் எருக்கைப் பார்க்க,
இடுப்பு மட்டும் வண்டி வரும் பக்கம்.
முழங்கை விலாவில்.
எண் முப்பத்தேழு புள்ளியாய்த் தெரிகையிலேயே
கூடப் போகத் தொடங்கிவிட வேண்டும்.
அமுக்கும்போது நிற்கக்கூடாது, அமுக்கிய பின்னும்.
பந்தியில் சாம்பார் வாளிக்காரர் இலைக்கு இலை நிற்பதில்லை.
நடை நடையாகவே இருக்கும்,
கரண்டி மட்டும் சாயும்.
விரல் அப்படிச் சாய வேண்டும்.

தெரிந்ததுதான். இருந்தும்
தலையில்லாத வண்டி,
வண்டியில்லாத புழுதி,
பின்சக்கரமும் பாதிக் குதிகாலும்.
ஒரு மூச்சுக்கு ஐந்து படம்,
ஆறாவதுக்குச் சிவப்பு விளக்கு எரிய
கேமரா யோசித்துக்கொண்டே இருக்கும்.
வயிரவனுக்கு ஃப்ளெக்ஸ் போர்டுக்கு ஒன்று வேண்டும்,
கடைப் பெயர் எழுத்து சிதையாமல்,
ஆனால் வண்டி பறக்கிற மாதிரி.

வெயில் சாய்ந்ததும் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கினேன்.
கடைசிக்கு முந்தின சுற்று.
கருவை வேலி பச்சைக் கோடாகி,
கூட்டத்துச் சட்டைகள் நிறக்கோடுகளாகி ஓட,
முப்பத்தேழு இழுபட்டு முன்னால் ஒழுகியிருந்தது.
அதன் மேலே, எனக்கும் வண்டிக்கும் நடுவே
எப்போது நுழைந்ததோ
ஒரு தகைவிலான் குருவி.
சிறகு கலங்கி, கண் மட்டும்
ஊசி குத்தினாற்போல் துலக்கமாக.

பத்தடி வேகமும் நூறடி வேகமும்
நிற்கிற தூரத்தைப் பொறுத்து ஒன்றாகிவிடும் போல.
என் இடுப்பு
யாரோடு போனதென்று எனக்கே தெரியவில்லை.

"குருவிக்கு டயர் மாட்டவா?" என்றார் வயிரவன்.
காலையில் எடுத்த நிற்கும் வண்டியையே
போர்டுக்கு எடுத்துக்கொண்டார்.

இதயத்துல்லா ஹெல்மெட்டைக் கழற்றாமல் குனிந்தான்.
வியர்வை ஒரு சொட்டு திரையில் விழுந்தது.
குருவியை அவன் கவனிக்கவே இல்லை.
ஒழுகிய எண்ணைக் கையுறை விரலால் தொட்டு,
"எருக்குகிட்ட கியர் மாத்தினேன்" என்றான்,
"அங்கதான் உங்களை விட்டுட்டு ஓடியிருக்கேன்."

நாளைக்குப் பள்ளத்தூரில் கல்யாணம், ஆறு மணி முகூர்த்தம்.
முந்நூறு வரை நீள வேண்டியிருக்கும்.
பஸ்ஸில் மடியில் கேமரா.
ரப்பர் வளையத்தை இன்னும் கழற்றவில்லை.